அந்த நீச்சல் ரெக்கார்ட எல்லாம் அழிக்கவே இல்லங்க

மேல ஒருத்தர் "2008 ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச கையோட அந்த ஹைடெக் நீச்சல் சூட்ட தடை பண்ணி, அதுல போட்ட ரெக்கார்ட எல்லாம் அழிச்சுட்டாங்க"ன்னு எழுதியிருக்கார், ரெண்டுமே தப்புங்க. தடை அமலுக்கு வந்தது 2010 ஜனவரி 1. அதுக்கு நடுவுல 2009 ரோம் உலகப் போட்டியில மட்டும் 43 உலக சாதனை விழுந்துச்சு, ஏன்னா 2008ல வந்த எல்இசட்ஆர் ரேசர்ங்கற சூட்ல பாலியூரித்தேன் (ஒரு வகை பிளாஸ்டிக்) சில இடத்துல பட்டையா தான் இருந்துச்சு, அடுத்த வருஷம் வந்த சூட்டெல்லாம் முழுசாவே அதுல தான். தண்ணி உள்ள இறங்காது, உடம்ப இறுக்கிப் புடிச்சு மேல மிதக்க வைக்கும். போட்டுக்கவே அரை மணி நேரம் கூட ஆகும், இழுக்கற இழுப்புல கிழிஞ்சும் போயிருக்கு, நினைச்சாலே பாவமா இருக்கும்.

ரெக்கார்ட் எதையும் ரத்து பண்ணல. ரோம்ல ஜெர்மன் வீரர் பீடர்மேன் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல போட்ட 3:40.07 அப்படியே பட்டியல்ல நின்னு, 2025 ஏப்ரல்ல தான் இன்னொரு ஜெர்மன் வீரர் மார்டென்ஸ் 3:39.96ல முறியடிச்சார், பதினஞ்சு வருஷத்துக்கு மேல! துணி சூட் போட்டு நீந்தின ஒரு தலைமுறையே அந்த நேரத்த துரத்திட்டு இருந்துச்சு, எனக்கு இதுதான் ரொம்ப அநியாயமா படுது.

இன்னொண்ணு, சூட்டே கூடாதுன்னு சொல்லல. துணியா இருக்கணும், ஆம்பளைங்களுக்கு தொப்புள்ல இருந்து முட்டி வரை, பொம்பளைங்களுக்கு தோள்ல இருந்து முட்டி வரை, அவ்வளவுதான்.