ஈட்டிப் பல்லால் வந்த பெயர் அல்ல

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைகளில் திரியும், பன்றி போலிருக்கும் ஹாவலீனா என்ற விலங்கின் பற்கள் ஈட்டி மாதிரி கூர்மையானவை, அதனால்தான் ஈட்டியைக் குறிக்கும் ஜாவலின் என்ற சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பல் கூர்மைதான், சரி. ஆனால் பெயர் அங்கிருந்து வரவில்லை.

அரபியில் 'ஜபல்' என்றால் மலை. ஜிப்ரால்டரும் 'ஜபல் தாரிக்', அதாவது தாரிக்கின் மலைதான். 'ஜபலீ' என்றால் மலையைச் சேர்ந்தது. மலைப்பன்றி என்பதில் பன்றி உதிர்ந்து ஜபலீ மட்டும் ஸ்பானிய மொழியில் 'ஹபலி' ஆகி, காட்டுப்பன்றியைக் குறித்தது. அதன் பெண்பால் 'ஹபலினா'. அமெரிக்கா போன ஸ்பானியர்கள் அங்கே கண்ட பெக்கரிக்கு, அதாவது இந்த ஹாவலீனாவுக்கு, அதையே வைத்தார்கள். (பெக்கரி உண்மையில் பன்றியே அல்ல, தனிக் குடும்பம்.)

ஈட்டியின் கதை வேறு. அது பிரெஞ்சு 'ஜாவ்லின்'. வேர் கெல்டிக் மொழியில். அதுவும் ஸ்பானிய மொழிக்குள் போய் 'ஹபலினா' என்றே ஆனதால்தான் இந்தக் குழப்பம். நம் 'ஆறு' என்ற எண்ணும் நதியும் போலத்தான் இது: எழுத்து ஒன்று, சொல் இரண்டு. பதிவைத் திருத்திவிடுங்கள், நிறையப் பேர் பகிர்கிறார்கள்.