மாத்திரைக்கு எதுக்குங்க மலை இறங்கணும்?

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ல 18-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னு பாருங்க. மனநோய் உள்ள யாரையும் சிகிச்சைக்காகத் தொலைதூரம் அலைய வைக்கக் கூடாது. குடியிருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சேவை கிடைக்க அரசு வழி பண்ணணும். சட்டம் அமலுக்கு வந்தது 2018-ல.

ஏற்காடு மலையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், காப்பித் தோட்டக் கூலி. மனச்சிதைவு நோய். மாத்திரை ஒழுங்காப் போட்டா வேலையில அவரை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா மாசாமாசம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரணும். தனியா அனுப்ப முடியாது, சம்சாரமும் கூட வரணும். ரெண்டு பேர் கூலி போச்சு, பஸ் காசு தனி. சீட்டுப் போட்டு வரிசையில நின்னு டாக்டரைப் பார்த்துட்டு மருந்து கவுண்ட்டருக்குப் போனா, "ஸ்டாக் இல்லம்மா, 15 நாளைக்குத்தான் இருக்கு. கை நடுக்கத்துக்குக் குடுக்கிற மாத்திரையை வெளியில வாங்கிக்கோங்க." அடுத்த 15 நாள்ல மறுபடி யார் இறங்குவா? மாத்திரை நிக்கும், அப்புறம் தூக்கம் போகும். "மந்திரிச்சாச் சரியாயிடும்"னு சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போவாங்க. அந்த வழி எங்க போய் முடியும்னு 2001 ஆகஸ்ட் 6-ல ஏர்வாடித் தீயில நாம பார்த்துட்டோம். தர்கா பக்கத்துல மனநோயாளிகளை வச்சிருந்த காப்பகம் அது. சங்கிலியில கட்டியிருந்ததால தப்பிக்க முடியாமச் செத்தாங்க.

காசே இல்லைன்னு சொல்லிட முடியாது. 2023-24 மத்திய பட்ஜெட்ல பெங்களூருல இருக்கிற தேசிய மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸுக்கு மட்டும் 721 கோடி. டெலி மானஸுக்கு (அதாங்க, போன்ல மனநல ஆலோசனை சொல்ற 14416) சுமார் 134 கோடி. நிம்ஹான்ஸ் வேண்டாம்னு சொல்லல, டாக்டர்கள் அங்கதானே உருவாகணும். போன்ல ஆறுதலும் நல்லதுதான், மலையில டவர் கிடைச்சா. ஆனா வருஷக்கணக்கா மாத்திரை போடுறவருக்கு வேண்டியது மாத்திரை. 1996-ல ஆரம்பிச்ச மாவட்ட மனநலத் திட்டம் இருக்கே, தேசிய சுகாதார இயக்கத்துல மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம்னு போடுற பணத்துல நடக்குறது, அதுக்குத்தான் கூடுதலா ஒதுக்கணும்.

2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். டாக்டர் ஏற்கெனவே எழுதிக் குடுத்து, மாறாமப் போயிட்டிருக்கிற மனநல மாத்திரையையும் அதே பையில போட்டுக் குடுக்கலாமே? டாக்டரைப் பார்க்க மூணு மாசத்துக்கு ஒருக்கா இறங்கினாப் போதும்.

வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல இதை மனுவாக் குடுக்கிறோம். ஏற்காட்டுப் பக்கம் இதே கஷ்டத்துல இருக்கிறவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க. பேர் வெளியில வராது.