எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி

ஞாயித்துக்கிழமை குரூப்ல வந்த அந்த போட்டோவைப் பத்தித்தான். நம்ம வேலூர் சத்துவாச்சாரி, பழைய பேப்பர் கடைத் தராசு, யூரியா சாக்கு நிறைய சீரியல் டிவிடி. "கம்ப்யூட்டர்ல படி எடுத்துட்டுப் போட்டிருக்கலாமே"ன்னு ஒரே வரி எழுதினேன். அதுக்கு "குப்பை அண்ணன்"னு பட்டம். சரி, சந்தோஷம். ஆனா படி எடுக்காம எடைக்குப் போடாதீங்க.

"எல்லாம் யூடியூப்ல இருக்கே அண்ணா." இருக்கு தம்பி. டைட்டில் பாட்டு ஊமையா இருக்கும், நடுவுல நாலு எபிசோட் காணோம், பழைய சதுரப் படத்தை அகல டிவிக்காக மேலயும் கீழயும் வெட்டி, அம்மா நெத்தியில பொட்டே தெரியாது. நாளைக்கு உரிமைக்காரர் எடுத்துட்டா அதுவும் போச்சு.

"டிவிடியில எச்டி இல்லையே"ன்னு இன்னொருத்தர். டேப்புல எடுத்த சீரியலுக்கு எச்டி எங்கேருந்து வரும்? படத்துல மேலேருந்து கீழ வரைக்கும் இருக்கிறதே 576 வரி. நெட்ல எச்டின்னு ஏத்துறது அதையே இழுத்துப் பெரிசாக்கினது. அந்த வீடியோ நொடிக்கு 50 அரைப் படமா, ஒரு வரி விட்டு ஒரு வரியா ஓடுது. பாதியைத் தூக்கிப் போட்டு ஏத்துறாங்க, அதான் கை வீசினா வெட்டி வெட்டிப் போகுது. நீங்க கம்ப்யூட்டர் ஃபைலா மாத்தும்போது ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல, அரைப் படத்தை முழுசாக்குற டீஇன்டர்லேஸ்ல "பாப்" (Bob) வெச்சு, ஃப்ரேம்ரேட்டையும் 50ன்னு வைங்க, 50ம் அப்படியே நிக்கும்.

டிவிடியிலயும் மட்டமானது உண்டு, ஒத்துக்கிறேன். 4.7 ஜிபி தட்டுல 22 நிமிஷ எபிசோட் அஞ்சு வெச்சா படம் தெளிவா இருக்கும். பத்து அடைச்சா யாராவது ஓடினாலே கட்டம் கட்டமா உடையும். பி.ஆர். சோப்ராவோட பழைய மகாபாரதம் 94 எபிசோட், முக்கால் மணி கணக்குல பார்த்தா ஒழுங்கா வைக்க 39 தட்டாவது வேணும். அஞ்சாறு தட்டுல முழுசும்னு பஜார்ல வித்ததை வாங்கிட்டு டிவிடியைத் திட்டாதீங்க.

இப்ப நம்மூர் வெயிலுக்கு வருவோம். கடையில பர்ன் பண்ணிக் கொடுத்த தட்டுல தகவல் சாயத்துல இருக்கு, சூடும் வெளிச்சமும் பட்டா வெளுத்துடும். மொட்டை மாடி ஷீட் ரூம்ல வெச்சிருந்தா அதை முதல்ல படி எடுங்க. கம்பெனி அச்சடிச்சது அவ்வளவு சீக்கிரம் போகாது. விசிடிக்கு உயிர் மேல்பக்கம், லேபிளுக்கு நேர் கீழ. பால் பாயிண்ட்ல பேர் எழுதினா தீர்ந்தது. டிவிடிக்கு ரெண்டு தகட்டுக்கு நடுவுல, கொஞ்சம் தாங்கும். துடைக்கிறப்ப நடுவுலேருந்து விளிம்புக்கு நேரா துடைங்க. வட்டமா தேய்ச்சு விழுற கீறல்தான் ஆகாதது.

டிவிடி திக்கினா கம்ப்யூட்டர்ல இழுத்துப் போட்டு காப்பி பண்ணாதீங்க, பாதியில நிக்கும். கெட்ட தட்டுலேருந்து தகவலை மீட்கிற டிடிரெஸ்க்யூ (ddrescue) சாஃப்ட்வேர் போடுங்க. முதல்ல நல்லா படிக்கிற இடத்தை எல்லாம் எடுத்துட்டு, அப்புறம் மோசமான இடத்துக்குத் திரும்பும். எது வரைக்கும் படிச்சதுன்னு அது குறிச்சு வைக்கிற மேப் ஃபைலை வெச்சிருந்தா விட்ட இடத்துலேருந்து வேற டிரைவ்ல தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிக்கும்.

"திருட்டு விசிடிக்காரன்"னும் ஒருத்தர். விக்கச் சொல்லலைங்க.

2007ல மோசர் பேர் கம்பெனி படம் போட்ட விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்னு இறக்கினப்ப வரிசையில நின்னவங்கதானே நீங்க எல்லாம்? தண்ணியில்லாத ஆறுன்னு வேலூரைக் கேலியா சொல்ற வரிசையில இனி தட்டில்லாத கவரையும் சேர்த்துக்கலாம்.

சிரிச்சதெல்லாம் போதும். அந்த சாக்கு எந்தக் கடையில இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, வண்டி எடுத்துட்டு வரேன்.