எடுபிடியும் அடிவருடியும் ஒன்றா?

அரசியல் சண்டை சூடுபிடித்துவிட்டால் போதும், நம் ஆட்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் எடுத்து வீசுவார்கள். எடுபிடி, கைத்தடி, கைக்கூலி, அடிப்பொடி, அடிவருடி, ஜால்ரா, சொம்பு. எல்லாம் ஒரே மூட்டை. எனக்கு இதில் ரொம்ப நாள் வருத்தம் ஒன்று உண்டு. எடுபிடியை எதற்கு இந்த மூட்டையில் கட்டினார்கள்?

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். எடு, பிடி. இரண்டுமே ஏவல். கரண்டியை எடு, அண்டாவைப் பிடி என்று நாள் முழுக்கக் காதில் விழுந்த அதட்டல், கடைசியில் அந்த ஆளுக்கே பேராகிவிட்டது. அவர் யாரையும் புகழவில்லை, யாரையும் போட்டுக்கொடுக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஓடுகிறார், அவ்வளவுதான். படியாளும் பண்ணையாளும் இந்த வரிசைதான். கூலியைப் படியாக, தானியமாக அளந்து போட்டதால் படியாள். தஞ்சையில் பண்ணையாள்களைக் காக்க 1952-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இவர்களில் யாரும் ஆசைப்பட்டுப் போய்க் கைகட்டி நின்றவர்கள் இல்லை.

அடிவருடி வேறு ரகம். யாரும் ஏவாமலே போய்க் குனிகிறவன். தென்றல் வருடும், மயிலிறகு வருடும் என்று கவிஞர்கள் ஆசை ஆசையாக எழுதுகிற வினையைக் கொண்டுபோய்க் காலோடு ஒட்டிவைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் இந்த வசவின் விஷம் இருக்கிறது. எதிரியைத் திட்டியே ஆக வேண்டுமென்றால் இதைச் சொல்லித் திட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கைக்கூலியும் அப்படித்தான். முன்னே அது ஆளைக் குறித்த சொல்லே அல்ல, கையில் திணிக்கிற காசு, லஞ்சம். தமிழ் முஸ்லிம்கள் வரதட்சணையைக் கைக்கூலி என்று சொல்வதுண்டு. பிற்பாடு மேடைப் பேச்சில், வாங்கிய காசின் பேர் வாங்கியவனுக்கே வந்து சேர்ந்துவிட்டது. நியாயமான தண்டனைதான்.

அடிப்பொடியின் கதைதான் பரிதாபம். ஆழ்வார்களில் ஒருவரான விப்ரநாராயணர் தன்னைத் தொண்டரடிப்பொடி, அதாவது தொண்டர்களின் காலடித் தூசி என்று சொல்லிக்கொண்டார். தான் பாடிய திருமாலையின் நாற்பத்தைந்தாம், கடைசிப் பாசுரத்தில் அந்தப் பேரோடுதான் முடிக்கிறார். காரைக்குடியில் கம்பன் கழகம் கண்ட சா. கணேசன் போன நூற்றாண்டிலும் 'கம்பன் அடிப்பொடி' என்ற பேரோடு தலைநிமிர்ந்து நடந்தார். இன்றைக்கு 'தலைவரின் அடிப்பொடிகள்' என்று எழுதினால் அது திட்டு. தானே சொல்லிக்கொண்டால் பணிவு, அடுத்தவன் சொன்னால் அவமானம். அடியேனும் அடிமையும் ஒரே வேரில் முளைத்தவைதானே. நான் என்னை அடியேன் என்னலாம், நீங்கள் என்னை அடிமை என்றால் சும்மா இருப்பேனா?

சொம்பைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரம், பாவம்.

ஆனால் ஜால்ராவுக்காகவும் ஒத்துக்காகவும் கொஞ்சம் வழக்காட வேண்டும். பஜனையில் ஜால்ரா தட்டுகிறவர் பாடகருக்குத் தலையாட்டுகிறவர் அல்ல, காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, இழுத்துப் பிடிக்கிறவர். பரதநாட்டிய மேடையைப் பாருங்கள், கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் நட்டுவனாருக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆடுகிறவரின் காலே நகரும். அங்கே தட்டுகிறவர்தான் எஜமான்!

ஒத்து ஊதுகிறவர் நிலைமை இன்னும் மோசம். நாகஸ்வரக்காரர் ராகத்தில் ஊரெல்லாம் சுற்றிவரும்போது, இவர் பக்கத்தில் கன்னம் உப்ப, மூச்சு அறுபடாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கைதட்டல் ஒன்றுகூட இவருக்கு வராது. அந்த ஒற்றைச் சுருதி நின்றால் எத்தனை பெரிய வித்வானுக்கும் பிடிமானம் போய்விடும். இதைத்தான் நாம் 'ஆமாம் சாமி' போடுவதற்கு உவமையாக்கி வைத்திருக்கிறோம். இப்போது பல கச்சேரிகளில் சுருதிப்பெட்டி வந்து அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆள் போயாச்சு, வசவு மட்டும் புழக்கத்தில் இருக்கிறது.