சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது

பிரான்சின் அட்லாண்டிக் கரையோரமாக படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வேனில் பத்து நாள் சுற்றினோம். கடல், காற்று, காலையில் வாங்கும் சூடான ரொட்டி எல்லாமே அருமை. ஆனால் கழிவு சேரும் தொட்டியை நாமே உருவிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய கேசட் கழிப்பறையோடு குடித்தனம் நடத்துவது இருக்கிறதே, அதைப் பற்றி வேன் கொடுப்பவர்கள் வாயைத் திறப்பதே இல்லை.

தொட்டி கொள்வது 17 முதல் 20 லிட்டர்தான். இரண்டு பேர் இருந்தால் மூன்றாம் நாளே தொட்டி நிரம்பிவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்துவிடும். எங்களுக்கு எரிந்தது இரவு பதினோரு மணிக்கு, கொட்டும் மழையில். வேனின் வெளிப்பக்கக் கதவைத் திறந்து, கிட்டத்தட்ட 20 கிலோ கனத்தை உருவி எடுக்க வேண்டும். சக்கரம் இருக்கிறது, சரளைக்கல்லில் உருள மாட்டேன் என்கிறது. தூக்கி நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் உள்ளே தளும்புகிறது.

அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டும்போது, தொட்டிக்குள் காற்று போகவிடும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் குபுக்கென்று பொங்கி, நாற்றத்துக்காக உள்ளே ஊற்றிய நீல மருந்தோடு சேர்ந்து காலில் தெறிக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கு முன்னால் வந்தவர், குடிநீர் பிடிக்கும் குழாயைக் கேசட்டின் வாய்க்குள் நுழைத்து அலசிக்கொண்டிருந்தார்! கழுவுவதற்கென்று தனிக் குழாய் இரண்டடி தள்ளி இருக்கிறது. எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. அடுத்து வருபவர் அதே குழாயில்தானே குடிக்கத் தண்ணீர் பிடிப்பார், அதில் குழந்தைக்குப் பால் கரைப்பார்? எடுத்துச் சொன்னேன். காதிலேயே வாங்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.