அலையாத்திக் காட்டுக்கு மகசூல் கணக்கு

பயிர்க் காப்பீட்டுக்கு மகசூல் பார்க்க வருகிறவர்களை வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு, காட்டுக் கார்பன் விவகாரம், அதாவது காடு பிடித்து வைக்கிற கார்பனைக் கணக்குப் போட்டு, புகை விடுகிற நிறுவனங்களுக்கு விற்பது, ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிடும். ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து கயிறு கட்டி, உள்ளே இருக்கிற நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். கிராமத்துக்கு நாலு இடம். அந்தச் சராசரியைப் பழைய வருஷங்களின் மகசூலோடு ஒப்பிடுவார்கள். ஒரு வருஷம் என் வயலில் கதிர் சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்துக் கிடந்தது. கயிறு விழுந்ததெல்லாம் மேட்டு வயல். எனக்குப் பைசா வரவில்லை.

தராசு பொய் சொல்லவில்லை. கயிறு எங்கே விழுந்தது, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் சண்டை.

தை மாதம் ஆராய்ச்சி மாணவனான என் சித்தப்பா பையனோடு ஜாம்பவானோடையில் படகு ஏறி, கார்பன் கணக்குக்கு மரம் அளக்க முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனேன். முழங்கால் வரை சேறு, மூச்சுவேர் காலில் குத்துகிறது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும். அலையாத்தியோ அதற்குக் கீழேயே மூன்றாகக் கிளைத்து நிற்கும். ஒவ்வொன்றையும் தனித் தண்டாக அளக்க வேண்டும். சரி, சேற்றில் தரை என்பது எது? குச்சியை ஊன்றினால் ஊன்ற ஊன்ற இறங்குகிறது. தையல்காரர் டேப்பைப் பார்த்துவிட்டுப் படகுக்காரப் பெரியவர் கேட்டார்: “ஏன் தம்பி, மரத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?”

சுற்றளவிலிருந்து ஒரு சமன்பாட்டின் மூலம் உலர் எடை வரும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன். ஒரு டன் கார்பன் என்றால் 3.67 டன் கரியமில வாயு. அலையாத்திக் காட்டில் பெரும்பங்கு கார்பன் மரத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது. அதற்குக் குழாயை இறக்கி மண் எடுக்க வேண்டும். இதெல்லாம் நெல்லை எடை போடுகிற வேலைதான். பிழை இருக்கும், எவ்வளவு பிழை என்று சொல்லவும் முடியும்.

காடு அழிப்பைத் தடுத்ததாக விற்கிற கார்பனில் சிக்கல் வேறு இடத்தில். நிற்கிற மரத்துக்கு அங்கே காசு இல்லை. திட்டம் வராமல் இருந்தால் வெட்டுப்பட்டிருக்கும் என்று சொல்லப்படுகிற மரத்துக்குத்தான் காசு. அந்த ‘இருந்தால்’ உலகத்தை யார் பார்த்தது? எவ்வளவு பயங்கரமாக எழுதுகிறோமோ அவ்வளவு லாபம். ஆறு நாடுகளில் 26 திட்டங்களை ஆராய்ந்த கட்டுரை 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை; குறைத்தவையும் சொன்ன அளவுக்கு இல்லை. சான்று தரும் வெர்ரா அமைப்பு இந்த மாதிரி விமர்சனங்களை மறுத்தது. ஆனால் அதே வருஷம் நவம்பரில், திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு காடு அழியும் என்கிற ஒப்பீட்டு அளவைத் திட்டக்காரரே போடாமல் வட்டாரத் தரவிலிருந்து எடுக்கும் புதிய முறையையும் வெளியிட்டது. காரணமில்லாமலா?

இன்னொன்று. திட்டத்தின் கணக்கைச் சரிபார்க்கிற நிறுவனத்துக்குச் சம்பளம் தருவது திட்டக்காரர். கொள்முதல் நிலையத்தில் என் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதா என்று பார்க்கும் ஆளுக்கு நானே சம்பளம் கொடுத்தால் மீட்டர் என்ன காட்டும்?

அதற்காக எல்லாமே பித்தலாட்டம் என்கிற கட்சியிலும் நான் இல்லை. முத்துப்பேட்டையில் ஒரு காலத்தில் அரசே கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரம் வெட்டியது. வெட்டிய இடம் பள்ளமாகி, கடல்நீர் தேங்கி உப்பேறி, ஒன்றும் முளைக்கவில்லை. பிற்பாடு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஏறி இறங்க வழி செய்ததும் மரம் வந்தது. இங்கே யாரும் ‘இருந்தால்’ கதை கட்ட வேண்டாம். பொட்டலாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இந்த மாதிரி வேலைக்குக் காசு கேட்டால் நியாயம். காப்புக்காடாக ஏற்கெனவே நிற்பதைக் காட்டி, ‘நாங்கள் இல்லாவிட்டால் போயிருக்கும்’ என்று யாராவது விற்க வந்தால் நான் எதிர்ப்பேன்.

ஏனென்றால் இந்தக் காட்டுக்கு இன்று கோடரி பெரிய எதிரி இல்லை. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவருகிற நல்ல தண்ணீர் குறைவதுதான். அப்படிப் பார்த்தால் ஒப்பீட்டுக் கணக்கை எழுத வேண்டியவர் மேட்டூர் மதகைத் திறக்கிறவர்! அப்புறம் கஜா புயல். 2018 நவம்பர் 16, ஒரே ராத்திரியில் எத்தனை மரம் முறிந்தது. இந்த மாதிரி இழப்புக்கென்று கொஞ்சம் கார்பனை விற்காமல் ஒதுக்கி வைப்பது நடைமுறை. எவ்வளவு ஒதுக்குவது என்பதை முடிவு செய்பவர் ஒரு தடவையாவது வேதாரண்யத்தில் ஐப்பசி, கார்த்திகையைக் கழித்திருக்க வேண்டும்.

திரும்பும்போது பெரியவர் ஒரு வாய்க்காலைக் காட்டினார். கணுக்கால் ஆழம்கூட இல்லை, வண்டல் மூடிவிட்டது. “இதத் தூர் வாரலன்னா அந்தாண்ட இருக்கிற மரம் காயும் தம்பி. கணக்குல இத எழுதினீங்களா?” என்றார். படிவத்தில் அதற்கு இடமில்லை. பையன் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டான்.