கேவி ஏற்றினால் மட்டும் போதாது

அண்ணே, ஸ்கேல் ஹைட்ரோவில் (ரிமோட்டில் ஓட்டும் மாதிரிப் பந்தயப் படகு) 4எஸ் லிப்போ, அதாவது நாலு செல் லித்தியம் பேட்டரி, அப்படியே இருக்க, 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 2000 சுற்று) மோட்டாரை எடுத்துவிட்டு 3000 கேவி போட்டால் படகு பறக்கும்னு சொல்லியிருக்கீங்க. பறக்கும்தான், இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பலகை) புகையும் வரைக்கும்.

14.8 வோல்ட்டில் 2000 கேவி சுமையில்லாமல் நிமிஷத்துக்கு 29,600 சுற்று. 3000 கேவி 44,400. புரொப்பெல்லர் மாறாமல் சுற்று 1.5 மடங்கானால், அது கேட்கும் பவர் ஏறக்குறைய 3.4 மடங்கு. சுமையில் சுற்று இறங்கினாலும் ஆம்பியர் எகிறத்தான் செய்யும், லிப்போ உப்பிவிடும்.

30,000 சுற்றை ஒட்டியே வைத்துக்கொண்டு புரொப்பெல்லரில் விளையாடுங்க. 40 மில்லிமீட்டரில் தொடங்கி, 30 விநாடி முழு வேகத்தில் ஓட்டி, கரைக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்து பேட்டரி, இஎஸ்சி, மோட்டார், கனெக்டர் எல்லாவற்றையும் டெம்பரேச்சர் கன்னில் பாருங்க. லிப்போ 60 டிகிரியை நெருங்கினால் அந்த புரொப்பெல்லர் அதிகம். எல்லாம் இளஞ்சூடாக இருந்தால் மட்டும் 42.

ஓடும்போது கூலிங் தண்ணீர் வெளிக்குழாயில் விடாமல் பீய்ச்சுதான்னும் கவனிங்க. கோலாலம்பூர் தித்திவங்சா மாதிரி ஏரியில் தண்ணீரே வெதுவெதுப்பு. உள்வாங்கும் துளையில் ஒரு கீற்று பாசி அடைத்தாலும் இஎஸ்சிக்குச் சங்குதான்.

பேட்டரி பக்க வயரை நீட்டச் சொன்னதும் தப்பு. ரிப்பிள் (வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் அதிர்வு) ஏறி இஎஸ்சியில் இருக்கும் கெப்பாசிட்டர் வெடிக்கும். நீளம் வேணும்னா மோட்டார் பக்கம் நீட்டுங்க.